காரணமில்லாமல் கூப்பிட்டவர்கள்

2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை, காலை மணி ஐந்து முப்பது. எண்ணிக்கை இருபத்து மூன்று. இருக்க வேண்டியது இருபத்து நான்கு.

எண்ணியது உன் அப்பா நான்தான், தம்பி. தஞ்சாவூரில் வீடில்லாதவர்கள் தங்குகிற இல்லம் ஒன்றில், ஆண்கள் கூடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு முறை நடந்து எண்ணினேன். கதவோரம் மூன்றாவது கட்டில் காலி. போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது, நான் சொல்லிக்கொடுத்தபடியே. அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடிப்போகிற ஆள் போர்வையை மடித்துவைத்துவிட்டா போவார்? கட்டிலுக்கு உரியவர் பெயர் சிங்காரம். வயது ஐம்பதுக்கு மேல், எவ்வளவு மேல் என்று அவருக்கே தெரியாது. வலிப்பு நோய் உண்டு. அவருடைய மாத்திரை டப்பா அலுவலக பீரோவில், இல்லத்து விதிப்படி, பூட்டில் இருந்தது. டப்பாவில் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான்கு நாளுக்குரிய அறைகளும் நிரம்பியிருந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தஞ்சாவூரைச் சுற்றி எந்தப் பக்கம் கால் வைத்தாலும் ஆறு, இல்லையென்றால் வாய்க்கால். எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுகிற மாதம். வலிப்பு வருகிறவருக்கு முழங்கால் தண்ணீர் போதும்.

இன்று வெள்ளிக்கிழமை மதியம். நம் மாடி வீட்டில், உன் எழுத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசை சின்னது, என் முட்டி இடிக்கிறது. உனக்கு இப்போது ஆறு வயது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது உன் அம்மாவோடு தரங்கம்பாடிக்குப் போய்விட்டாய். அம்மாவுக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்தது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் காரணமும் அதில்லை. காரணத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். இருபத்தொரு வயதில் உன் கையில் தருவேன். அதற்கு முன்னால் என் வேலையில் இருக்கிறவர்கள் யாராவது படித்தாலும் சரிதான். ஒளிக்கப்போவதில்லை. நான் செய்த தப்பு நன்றாகப் படித்தவர்கள் செய்கிற தப்பு.

என் வேலை என்ன என்று உன் தாத்தாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் அவர் என்னைச் சென்னைக்கு அனுப்பினார். நாலரை வருடம் படித்தேன். ஆக்குபேஷனல் தெரபி. விபத்தோ நோயோ வறுமையோ ஒரு மனிதரின் அன்றாடத்தைக் கலைத்துப்போட்டால், பல் துலக்குவதிலிருந்து பஸ் ஏறுவதுவரை அவருக்கு எது முடிகிறது, எது முடியவில்லை என்று பார்த்து, முடியாததைப் பழக்கிக்கொடுக்கிற வேலை. பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கு மேசை, கருவி, பந்து எல்லாம் இருக்கும். நான் இல்லத்துக்கு வந்தேன். பிளாட்பாரத்தில் பத்து வருடம் படுத்த மனிதருக்குக் கதவைப் பூட்டுவதுகூட மறந்துபோகும். பூட்டு, சாவி, அடுப்பு, நகவெட்டி, இவைதான் என் கருவிகள். தாத்தா ஒரு தடவை வந்து பார்த்தார். நான் ஒருவருக்குக் கால் நகம் வெட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "காலேஜு படிச்சுப்புட்டு அடுத்தவன் காலைத்தான் புடிக்கிறியாடா?" என்றார். "ஆமாம்ப்பா. ஆனா புடிச்சதை ரிப்போர்ட்டா எழுதுறேன்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்குப் பொறுமை எப்போதும் குறைவு. ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை எனக்குக் குரல் உயரும். அதை மறைக்கத்தான் அட்டவணைகளைப் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அட்டவணை யாரையும் திட்டுவதில்லை.

சிங்காரம் ஜூலையில் வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்தவரை யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எங்களிடம் அனுப்பினார்கள். முதல் வாரமே மதிப்பீடு முடித்துவிட்டேன். சோறு வடிப்பார், சரி. துணி துவைப்பார், சரி. பூட்டு, சாவி, சரி. கையெழுத்து, பெயர் மட்டும், சரி. இரவுத் தூக்கம், இல்லை. பகலில் ஆள் எழும்பமாட்டார். காலைக் கணக்கு முடித்து, பத்து மணிக்கு நான் மறுபடி கூடத்துக்கு வரும்போது கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இரவில் என்ன செய்கிறார் என்று பொற்கொடி அக்காவைக் கேட்டேன். அக்கா இல்லத்துச் சமையல்காரர். மேலாளர் இல்லாத நேரத்தில் மேலாளர், எனக்குக் கண்ணும் காதும் அவர்தான்.

"ராவெல்லாம் கட்டில் கட்டிலா சுத்துறாரு சார். ஒவ்வொருத்தன் மூஞ்சிகிட்டயும் குனிஞ்சு பாக்குறாரு. போர்வை விலகியிருந்தா போத்திவிடுறாரு. நடுவுல நடுவுல 'ஓய்'ங்கிறாரு, மெதுவா. யாரைக் கூப்புடுறாருன்னு தெரியல. பேய் கீய் புடிச்சிருக்குமோ?"

"பேயெல்லாம் இல்லக்கா."

"இல்லைன்னா நீங்க ஒரு நாளு வந்து படுத்துப் பாருங்க. நாலு மணிக்கு மூஞ்சிமேல குனிஞ்சு நிப்பாரு. அப்பத் தெரியும்."

நான் படுத்துப் பார்க்கவில்லை. எழுதினேன். 'தூக்கச் சுழற்சி கலைந்துள்ளது. இரவில் நோக்கமின்றி நடக்கிறார். தனக்குத்தானே குரல் கொடுக்கிறார்.' அந்த மூன்று வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்வேன், தம்பி. தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும், அது மருத்துவ உண்மை. ஆகவே திட்டம் போட்டேன். பகலில் பாயை உருவிவிடுவது. காலையில் கவர் ஒட்டும் வேலை, மதியம் தோட்டம், மாலை நடை, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவருக்குக் கண் சொருகும்போது நானே போய்த் தோளைத் தட்டினேன். "எந்திரிங்கண்ணே, ராத்திரித் தூங்கலாம்." மறுபேச்சுப் பேசாமல் எழுந்துவிடுவார். செப்டம்பர் கடைசியில் ஒன்பது இரவுகள் தொடர்ந்து படுக்கையைவிட்டு அவர் எழும்பவில்லை. ஒன்பது டிக். மாதக் கூட்டத்தில் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டினேன். கை தட்டினார்கள்.

புதன்கிழமை மாலை, நான் பைக்கை எடுக்கும்போது வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வரும்போல இருக்கு சார்."

"வரட்டும்."

"களத்துல நெல்லு கிடக்கும்."

"உங்க நெல்லாண்ணே?"

"இல்ல சார்."

"அப்பறம் என்ன? போய்ப் படுங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை எண்ணிக்கை இருபத்து மூன்று.

எங்கள் இல்லத்தில் ஒரு விதி. தொடர்ந்து மூன்று காலைக் கணக்கில் ஆள் இல்லையென்றால் பதிவேட்டில் பெயர் அடிபடும். கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருக்கிறவர்கள் நிறைய. பெயர் அடிபட்டவருக்கு மாத்திரையும் கிடையாது. மறுபடி பஸ் ஸ்டாண்டு, மறுபடி விழுவது. மாத்திரை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தேடக் கிளம்பினேன். ரயிலடி, பெரிய ஆஸ்பத்திரி வாசல், மார்க்கெட். எங்கும் இல்லை. மழையில் நனைந்து கடைசியாகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் ஒதுங்கி, டீ சொல்லிவிட்டு, டீக்கடைக்காரரிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பேரைக் கேட்டதும், "சிங்காரமா? குறுவை அறுத்தாச்சுல்ல. நெல்லுக் காவலுக்குப் போயிருப்பாரு" என்றார்.

"என்ன காவல்?"

"என்ன காவலா? ஒரத்தநாட்டு ரோட்டுல கொள்முதல் நிலையம் இருக்கு பாருங்க, அங்கதான். வருசா வருசம் குறுவைக்கு ஒருக்கா, சம்பாவுக்கு ஒருக்கா போவாருல்ல." டீயை ஆற்றிக்கொண்டே என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "ஆமா, நீங்க ஹோமுலேருந்துதானே வர்றீங்க? மூணு மாசமா வச்சிருக்கீங்க. உங்க ஃபைல்ல இது இல்லையா?"

இல்லை. பதினெட்டுப் பக்கக் கோப்பில் அது இல்லை. பல் துலக்குவார் என்று இருக்கிறது. பொத்தான் போடுவார் என்று இருக்கிறது. 'முந்தைய தொழில்' என்ற கட்டத்தில் 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. தொழில் என்ற சொல்லைத் தலையில் சுமக்கிற படிப்பைப் படித்துவிட்டு, ஒரு மனிதரிடம் 'உங்களுக்கு எது முடியாது' என்று பதினெட்டுப் பக்கம் கேட்டிருக்கிறேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வரி, அதையும் வாய் திறந்து கேட்காமல் நானே நிரப்பியிருக்கிறேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பைக்கை எடுத்தேன்.

உனக்குக் கொள்முதல் நிலையம் தெரியும். தாத்தா ஊருக்குப் போகும்போது காட்டியிருக்கிறேன். அறுத்த நெல்லை விவசாயிகள் கொண்டுவந்து திறந்த களத்தில் மலை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலுக்கு அம்பாரம் என்று பெயர். ஈரம் காய்ந்து, முறை வந்து, எடை போடும்வரை நெல் அங்கேயே கிடக்கும். சில நேரம் இரண்டு நாள், சில நேரம் பத்து நாள். நடுவில் மழை வந்தால் நான்கு மாத உழைப்பு முளைத்துவிடும். அதனால் அம்பாரத்துக்குக் காவல் வேண்டும். மாடு, ஆடு, திருட்டு எல்லாவற்றையும்விட, காற்றில் தார்ப்பாய் தூக்கிக்கொள்ளாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எல்லா விவசாயியாலும் எல்லா இரவும் அங்கே கிடக்க முடியாது. கிடப்பவர்களில் ஒருவர் சிங்காரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மழை விட்டிருந்தது. பதினான்கு அம்பாரம், பதினான்கு நீலத் தார்ப்பாய், ஓரங்களில் கல்லும் செங்கல்லும் மணல் மூட்டையும். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் ஒரு அம்மா தள்ளிக்கொண்டிருந்தார். அவர் பெயர் மீனாட்சி. இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். நான் சிங்காரத்தின் பெயரைச் சொன்னதும் துடைப்பத்தாலேயே காட்டினார். கடைசி அம்பாரத்தின் மறைவில், சாக்கைத் தலைக்கு வைத்து, வாய் திறந்து, ஒரு கை நெல்மேல் கிடக்க, ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி, மூன்று மாதமாக அவர் தூக்கத்தை நான் கணக்கெடுத்திருக்கிறேன். அவர் இப்படி அசந்து தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஒன்பது டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததற்கு நான் போட்டவை.

எழுப்பப் போனேன். அம்மா தடுத்தார்.

"எழுப்பிராதீங்க. விடிய விடிய மழை. இந்தப் பதினாலு அம்பாரத்துக்கும் அவரும் இன்னும் ரெண்டு பேருந்தான் ஓடுனாங்க. ஒரு படி நெல்லு நனையல." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் அவரைத் தூங்க வைக்கிற சாரா?"

"அப்படின்னு யாரு சொன்னா?"

"அவருதான். 'நல்ல தம்பிம்மா, ஆனா பகல்ல கண்ணை மூடுனா பாயை உருவிடும்'னாரு." சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து அம்பாரத்துக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அவருக்கு வலிப்பு இருக்கும்மா. அது தெரியுமா உங்களுக்கு? அந்தாண்ட புது ஆத்துல தண்ணி ஓடுது. ராத்திரி விழுந்தாருன்னா யாரு பாக்குறது?"

"தெரியாம என்ன? போன வருசம் இந்தா, இங்கனதான் விழுந்தாரு. ஒருக்களிச்சுப் படுக்கப்போட்டு, வாயைத் தொடைச்சுவிட்டு, தெளியிறவரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தோம். ஒருத்தன் சாவியை எடுத்துக்கிட்டு ஓடியாந்தான், கையில குடுக்கணும்னு. போடா அந்தாண்டன்னுட்டேன். என் கொழுந்தனுக்கும் இது உண்டு, எனக்குத் தெரியும்."

"உடனே பாத்தீங்க, சரி. யாரும் பாக்காத எடத்துல விழுந்தா?"

"அது எப்புடி? கூப்புட்டுக்கிட்டேல்ல இருப்போம்."

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார். களத்தில் காவல் கிடப்பவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் இருப்பார்கள். இருட்டில் முகம் தெரியாது. அதனால் ஒருவர் குரல் கொடுப்பார். "ஓய்!" அடுத்த மூலையிலிருந்து பதில் வரும். "ஓய்!" அடுத்தது, அதற்கடுத்தது. சுற்றி வந்து முதல் ஆளிடம் முடியும். அவ்வளவுதான். சேதி ஒன்றும் இல்லை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. பதில் வராவிட்டால் மற்றவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்கு ஓடுவார்கள். போன வருடம் அவர் விழுந்தது அப்படித்தான் தெரிந்தது. "அவரு ஒரு தரம் 'ஓய்'ங்கலன்னா எங்களுக்குக் காலு தரையில நிக்காது" என்றார் மீனாட்சி அம்மா. என் கோப்பில் அதற்கு என்ன பெயர் என்று உனக்கு நினைவிருக்கும். தனக்குத்தானே குரல் கொடுக்கிறார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பெரிய காரியம். அவர் கண் விழித்து என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தூங்கல சார். சும்மா கண்ணை மூடியிருந்தேன்."

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். இப்படிப் பேசவா பழக்கியிருக்கிறேன் நான்?

"தூங்குங்கண்ணே" என்றேன். மாத்திரையைக் கொடுத்தேன். மீனாட்சி அம்மா தண்ணீர் கொடுத்தார். விழுங்கினார். "போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே சார். நெல்லு கிடக்கும்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"உங்க நெல்லான்னு கேட்டீங்க. அதுக்கு என்னத்தைச் சொல்றது? என் நெல்லு இல்லதான்."

பிறகு நான் கேட்டேன், இல்லத்தில் ஏன் கூப்பிட்டார் என்று.

"பதில் வருதான்னு பாக்கத்தான். எல்லாரும் படுத்துக் கிடக்குறாங்க. ஓய்ங்கிறேன், ஒருத்தரும் ஓய்ங்கல. இருக்காங்களா போய்ட்டாங்களான்னு எனக்கு எப்புடித் தெரியும்? அதான் கிட்டப் போயி மூச்சு வருதான்னு பாத்தேன். நீங்க படுக்கச் சொன்னீங்க. அப்பறம் படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டுக் கிடந்தேன்."

"என்னத்தை?"

"மூச்சைத்தான் சார்."

இதை வைத்து நான் உனக்குப் பாடம் நடத்தப்போவதில்லை, தம்பி. களம் புனிதம், இல்லம் பாவம் என்றும் சொல்லமாட்டேன். இரவு விழித்திருப்பது வலிப்பு நோயாளிக்கு ஆபத்துதான், அதில் நான் சொன்னது தப்பில்லை. கொள்முதல் முடிந்தால் அம்பாரம் இருக்காது, மீனாட்சி அம்மாவும் இருக்கமாட்டார், சிங்காரத்துக்குக் கூரை வேண்டும். அதுவும் தப்பில்லை. அவரிடமே சொன்னேன், ஆற்றங்கரை மூலை வேண்டாம், ரோட்டுப் பக்கம் நில்லுங்கள் என்று. "அந்த மூலையிலதான் சார் காத்து தார்ப்பாயைத் தூக்கும்" என்றார். வாக்குவாதம் செய்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார், அரைமனதாக. நான் செய்த தப்பு வேறு. ஒருவர் வாழ்நாளெல்லாம் நன்றாகச் செய்த ஒரே காரியத்தை நோய் என்று எழுதி, அதை அவரிடமிருந்து பிடுங்கி, பிடுங்கியதற்குக் கைதட்டலும் வாங்கினேன்.

களத்திலிருந்து திரும்பும்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய். வராமல் பார்த்துக்கொள்ளத்தான் ஜூனிலிருந்து நேரத்தோடு வேலைக்குப் போய், நேரம் கழித்து வருகிறேன்.

உனக்கு நான்கரை வயதில் பென்சில் பிடிக்க வரவில்லை. பொத்தான் போட வரவில்லை. பெரிய குறை எதுவுமில்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். உன் அம்மா அப்படித்தான் சொன்னாள். எனக்குத் தொழில் தெரியுமே. சுவரில் அட்டவணை ஒட்டினேன். மாலை ஆறிலிருந்து ஏழு வரை இந்த மேசையில் உன்னை உட்காரவைத்தேன். மணி கோர்ப்பது, களிமண் உருட்டுவது, பொத்தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். நீ நடுநடுவே கூப்பிடுவாய். "அப்பா." என்ன என்பேன். "ஒண்ணுமில்ல" என்பாய். இரண்டு மணி கோர்ப்பாய். "அப்பா." என்னடா? "ஒண்ணுமில்ல." நான் அடுப்படியில் இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும் கதவுக்கு வெளியே வந்து நின்று, "அப்பா." ஒரு மாலையில் பதினேழு முறை. ஆமாம், எண்ணினேன். 'கவனச் சிதறல். காரணமின்றி அழைக்கிறான்' என்று அட்டவணையில் எழுதினேன். உன்னைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "காரணம் இல்லாம யாரையும் கூப்பிடக் கூடாது. புரியுதா?" என்றேன். குரல் உயர்ந்துதான் இருந்தது. உனக்குப் புரிந்தது. நீ புத்திசாலி. பத்து நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். அந்தக் கட்டத்திலும் நான் டிக் போட்டேன்.

கிளம்பிய அன்று காலை, ஷூ போட்டுக்கொண்டே, "அப்பா, இன்னிக்கு எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாய். நான், சொல்லக் கூசுகிறது, ஷூவின் கயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, "மூணு" என்றேன். உன் அம்மா பையைக் கீழே வைத்தாள். அவள் கத்துகிறவள் இல்லை. "நீங்க அவனுக்கு அப்பாவா இருக்குற நேரம் எதுன்னு அந்தச் சார்ட்டுல ஒரு கட்டம் போடுங்க. போட்டுட்டுச் சொல்லுங்க. நாங்க வர்றோம்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டவணையில் கட்டம் போடத் தெரியாதவனா நான்? நான்கு மாதமாகப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். "எழுதினியா? சாப்பிட்டியா? பொத்தான் நீயே போடுறியா?" நீ "ம்" என்கிறாய். மூன்று "ம்". பிறகு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறாய். காரணம் இல்லாமல் பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது நான்தானே. வீடு சுத்தமாக இருக்கிறது, தம்பி. ஒரு தட்டு, ஒரு டம்ளர். குளிக்கும்போது கதவுக்கு வெளியே ஒருவரும் இல்லை. சில சமயம் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

இன்று காலை இரண்டாவது கணக்கு. இருபத்து மூன்று. மேலாளருக்குப் போன் செய்து, சிங்காரம் ஓடவில்லை, வேலைக்குப் போயிருக்கிறார், மாத்திரை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "புரியுதுப்பா. ஆனா பதிவேட்டுல 'உண்டு', 'இல்லை', ரெண்டுதான். களத்துல இருக்காருன்னு எழுத அதுல கட்டம் எங்க இருக்கு?" என்றார். நாளைக் காலை மூன்றாவது கணக்கு. கட்டம் இல்லை என்று ஒரே வருடத்தில் இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். இனிச் செய்யப்போவதை வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

1. நாளை, சனிக்கிழமை, காலை 5.30. ஸ்கேல் வைத்துப் பதிவேட்டில் மூன்றாவது கட்டம் ஒன்று கோடு போடுவேன். தலைப்பு: 'வேலையில்'. அதில் சிங்காரம் பெயர். எண்ணிக்கை இருபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கேட்டால் நான்தான் போட்டேன் என்பேன். பெயரை அடிக்கத்தான் வேண்டும் என்றால் வேறு யாராவது அடிக்கட்டும்.

2. மாத்திரை டப்பா இனி பீரோவில் இல்லை. ஒரு வாரத்துக்குரியது அவர் மடியில். மீனாட்சி அம்மாவிடம் இரண்டு நாளைக்குரியது உபரியாக.

3. திங்கள்கிழமை டாக்டரைப் பார்த்து, இவர் இரவுக் காவல்காரர், பகலில் தூங்குகிறவர் என்று சொல்லி, அதற்கேற்ப மாத்திரை நேரத்தைக் கேட்பது. இரவுக் காவலே கூடாது என்று டாக்டர் சொன்னால், அதை சிங்காரத்தை உட்காரவைத்து அவர் முன்னால் பேசுவது. அந்த ஒன்பது டிக் பொய் என்பதை மாதக் கூட்டத்தில் நின்று சொல்வது.

4. களம் முடிந்து அவர் இல்லத்துக்கு வந்தால், கூப்பிடும்போது பதில் சொல்ல ஆள் வேண்டும். பொற்கொடி அக்காவிடம் கேட்டுவிட்டேன். "ஒரு ஓய் சொல்றதுக்கு எனக்கு என்ன சார், வாயா வலிக்கப்போவுது?" என்றார். இன்னும் இரண்டு பேரைப் பிடிக்க வேண்டும்.

5. சுவரில் இருக்கும் அட்டவணையைக் கிழிப்பது. இதை எழுதி முடித்ததும்.

6. ஞாயிற்றுக்கிழமை போன் இல்லை. முதல் பஸ்ஸில் மாயவரம், அங்கிருந்து தரங்கம்பாடி. வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ என்ன என்று கேட்டால், ஒண்ணுமில்ல என்பேன். கேட்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிடுவேன். அன்றைக்கு எத்தனை தடவை கூப்பிட வேண்டியிருந்தது என்பது இதைப் படிக்கிற உனக்குத் தெரியும். எனக்கு இன்னும் தெரியாது.